குறுக்கே எழுதியது

பேட்ரிசியா நாலாவது ஈடு இடியாப்பத்தை இறக்கி வைத்துவிட்டு மாமனாருக்குக் காபி கொண்டுபோனபோது பாலக்கரையில் மழை விட்டிருந்தது. மூன்று நாளாக அடைத்துக்கொண்டு பெய்த ஐப்பசி மழை. அற்புதசாமி மல்லாந்து படுத்திருந்தார். போர்வைக்கு வெளியே இரண்டு கைகளும் நெஞ்சின்மேல் விரிந்திருந்தன, எதையோ பிடித்துப் படிக்கிற மாதிரி. "மாமா" என்றாள். கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை கூப்பிட்டாள். ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பது வருஷம் சம்மட்டிச் சத்தம் கேட்டு மந்தித்துப்போன காது அவருக்கு. பிறகு காபியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுப்பில் ஐந்தாவது ஈடு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அணைத்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. வீடு எதனாலோ வித்தியாசமாக இருந்தது. அவர் மூச்சு விடுகிற சத்தம் இத்தனை வருஷமும் இந்த வீட்டில் ஒரு சத்தமாக இருந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு ஷஹனாஸ்தான் முதலில் ஓடி வந்தாள். கொஞ்ச நேரம் பேட்ரிசியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்படியை எட்டிப் பார்த்தாள்.

"ஹாஸ்டலுக்குப் போக வேண்டியதாக்கா?"

"ஆமா. ஆனா சாவு வீட்டுது. எப்படி அனுப்புறது?"

"அவரு உசுரோட இருக்கிறப்போ பிழிஞ்சதுதானே. பொம்பளைப் பிள்ளைங்க பட்டினியா காலேஜுக்குப் போகணுமா? நான் கட்டி அனுப்பிக்கிறேன். நீங்க போயி அவருக்குத் தாடையைக் கட்டுங்க, வெறைச்சுக்கும்."

மன்னார்புரத்திலிருந்து சுஜா வந்து சேர்ந்தாள். அற்புதசாமியின் மகள். கணவரின் பைக்கிலிருந்து இறங்கும்போதே அழுதுகொண்டு இறங்கினாள். அப்பாவின் நெற்றியைத் தடவித் தடவி அழுது ஓய்ந்ததும், மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆகவேண்டியதைப் பேச ஆரம்பித்தாள். அவள் சுபாவமே அப்படி. கோவிலுக்குச் சொல்லியாகிவிட்டது. பூசை சாயங்காலம். பிரீசர் பெட்டி வந்துகொண்டிருக்கிறது.

"குழி?" என்று பேட்ரிசியா கேட்டாள்.

"புது இடமெல்லாம் கிடையாதாம் அண்ணி. அண்ணன் குழியத்தான் திறக்கணும். குழி வெட்டுற மருதைக்குச் சொல்லி அனுப்பியாச்சு."

அந்தக் கல்லறைத் தோட்டத்தில் அதுதான் வழக்கம். செத்தவர்கள் பெருகிவிட்டார்கள், இடம் பெருகவில்லை. குடும்பத்தில் ஒருவர் போனால் முன்னால் போனவரின் குழியைத் திறப்பார்கள். எலும்புகளைப் பொறுக்கி வெள்ளைத் துணியில் கட்டி ஒரு மூலையில் வைத்துவிட்டு, புதியவரை அங்கேயே இறக்குவார்கள். அற்புதசாமியின் மனைவி, சுஜா கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்தவர். பொன்மலை குவார்ட்டர்ஸில் இருந்த காலம் அது, அவர் கல்லறை அங்கே. இந்தப் பக்கம் குடும்பக் குழி என்று ஒன்றே ஒன்றுதான். அதில் மகன் ஜூட் இருந்தான். பேட்ரிசியாவின் கணவன். கார்கில் சண்டையில் செத்தவன்.

"நானும் வரேன் குழிக்கு" என்றாள் பேட்ரிசியா.

"பொம்பளைங்க போறதில்ல அண்ணி. அவரு போயி நின்னுட்டு வருவாரு."

"நான் போறேன்."

"உங்களால பாக்க முடியாது."

"அன்னைக்கும் இதத்தான் சொன்னாங்க. பெட்டியைத் திறக்கக் கூடாது, பாக்க முடியாதுன்னாங்க. நானும் சரின்னு தலையாட்டிட்டு நின்னேன்."

சுஜா சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தப் பித்தளைத் தூக்குக்காகவா?" என்றாள்.

"ஆமா."

அந்தத் தூக்கைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாமல் இல்லை. பேசியது மட்டும் இல்லை.

ஜூட் கல்யாணம் முடிந்து ஒரு மாத லீவில் இங்கே இருந்தான். பிறகு பட்டாளத்துக்குப் போனவன்தான். அங்கிருந்து இன்லண்டு லெட்டர் வரும். அந்த வீட்டுக்கு வருகிற கடிதம் எதுவானாலும் அற்புதசாமியின் பெயருக்குத்தான் வரும். அன்புள்ள அப்பாவுக்கு, ஜூட் எழுதிக்கொண்டது. பெண்டாட்டி பெயருக்குத் தனியாக எழுதலாம் என்று அவனுக்குத் தோன்றியிருந்தாலும் எழுதியிருக்கமாட்டான். மாமியார் இல்லாத வீடு. அப்பா, கல்யாணமாகாத தங்கை, வந்து ஒரு மாதம் ஆன பெண். அப்படிப்பட்ட வீட்டுக்குள் தபால்காரர் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு நுழைவதை நினைத்தே கூசியிருப்பான்.

சாயங்காலம் செபமாலை முடிந்ததும் அற்புதசாமி டியூப்லைட்டுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு படிப்பார். மெஷின் ஓடுகிற இடத்தில் பேசிப் பழகிய குரல். தெருவுக்கே கேட்கும். சுஜா கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். பேட்ரிசியா அடுப்படி நிலைப்படியில் சாய்ந்து நிற்பாள். ஜூட் தன் அப்பாவுக்குப் புரிகிற மாதிரி எழுதுவான்.

'பனி வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்று கறுப்புக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். வெல்டிங் அடிக்கும்போது நீங்கள் போடுவீர்களே, அது மாதிரி. அதைப் போட்டால் உங்கள் ஞாபகம் வருகிறது.'

'குண்டு விழுந்தால் முதலில் வெளிச்சம், கொஞ்சம் கழித்துத்தான் சத்தம். ஒர்க்ஷாப்பின் அந்தக் கோடியில் சம்மட்டி அடிப்பதை இந்தக் கோடியிலிருந்து பார்த்த மாதிரி இருக்கிறது. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் இருக்கிற நேரம்தான் கஷ்டம்.'

'குக்கர் இல்லாமல் அரிசி வேகாது இங்கே. தொட்டியத்துப் பையன் ஒருவன் இருக்கிறான், வாழைத்தோப்பைப் பற்றிப் பேசியே எல்லோரையும் அழவைக்கிறான். கொல்லைத் தண்ணீர்த் தொட்டி ஓட்டையை அடைத்தாகிவிட்டதா? சுஜாவைப் படிக்கச் சொல்லவும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.'

அதோடு கடிதம் முடியும். முடிந்த பிறகு அற்புதசாமி அதைக் குறுக்கே திருப்பிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்பார். தொண்டையைச் செருமுவார். "அவ்வளவுதான். எல்லாரையும் கேட்டிருக்கான்" என்று மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். தபால் முத்திரையில் தேதி பார்க்கிறார் என்று பேட்ரிசியா நினைத்துக்கொள்வாள். எல்லாரையும் என்பதில் தனக்கு எவ்வளவு பங்கு என்று யோசித்துக்கொண்டே சோற்றை வடிப்பாள்.

கேட்டிருக்கலாம். மாமா, அந்த லெட்டரைக் கொஞ்சம் தாங்க, பாத்துட்டுத் தரேன் என்று ஒரு வார்த்தை. எத்தனையோ தடவை அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. என் புருஷன் எழுதியதைக் கொடுங்கள் என்று மாமனாரிடம் போய் நிற்பதற்கு ஒரு வாய் வேண்டும். அவளுக்கு அது இல்லை. அவராகத் தருவார் என்று காத்திருந்தாள். அவன் வந்த பிறகு அவனிடமே கேட்டுக்கொள்ளலாம் என்றும் இருந்தது.

ஆடி மாதம் பெட்டி வந்தது. கொடி போர்த்தியிருந்தது. மந்திரியோ கலெக்டரோ யாரோ வந்திருந்தார்கள். புதைக்கிற அன்று காலையில் அற்புதசாமி கொல்லையில் குந்தி உட்கார்ந்து, ஒர்க்ஷாப்புக்குச் சோறு கொண்டுபோன பித்தளைத் தூக்கில் அத்தனை கடிதத்தையும் சுருட்டி வைத்தார். ஸ்டவ்வைப் பற்ற வைத்து, பத்து வைக்கிற இரும்பைக் காய்ச்சி, மூடியைச் சுற்றி ஈயத்தால் அடைத்தார். முகத்தில் வியர்வையா கண்ணீரா என்று தெரியாமல் வழிந்துகொண்டிருந்தது. ஈயம் மட்டும் சீராக ஓடியது. பேட்ரிசியா நிலைப்படியில் நின்று பார்த்தாள். அந்த இரும்பு ஒரு தடவை மூடியைச் சுற்றி வருகிற நேரம் அவளுக்கு இருந்தது. அப்போதும் கேட்கவில்லை. குழியில் அவரே இறங்கித் தூக்கைப் பெட்டியின் தலைமாட்டில் வைத்துவிட்டு ஏறினார்.

மறு வருஷம் அவரே மணப்பாறையில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தார். மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். பேட்ரிசியா மாட்டேன் என்றாள். ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு கல்லறைத் திருநாள் அன்று, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்த சாயங்காலம், அற்புதசாமி அதே நாற்காலியில் உட்கார்ந்து, "அந்தக் கண்ணாடியப் பத்தி எழுதியிருந்தானே" என்று ஆரம்பித்தார். கையில் கடிதம் இல்லை. ஆனாலும் இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சொன்னார். முடித்துவிட்டு வெறும் கையைக் குறுக்கே திருப்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "அவ்வளவுதான்."

அப்படியே வருஷக்கணக்காக நடந்தது. சுஜா கல்யாணமாகிப் போனாள். பேட்ரிசியா இடியாப்பம் பிழிந்து ஹாஸ்டல்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். மாவு சலித்துக்கொண்டே கேட்பாள், பூண்டு உரித்துக்கொண்டே கேட்பாள். ஜூட் எப்படிப் பேசுவான் என்பது அவளுக்கு மறந்துபோய்விட்டது. ஒரு மாதப் பேச்சு எத்தனை வருஷம் காதில் நிற்கும்? அவன் எழுதியதெல்லாம் அவன் அப்பாவின் குரலில்தான் அவளுக்குள் இருந்தது. அந்தக் குரலுக்குத்தான் இன்று காலையில் தாடையைக் கட்டியிருந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் சேறு கணுக்காலைப் பிடித்தது. மருதை சிலுவையைப் பெயர்த்து ஒரு பக்கம் சாய்த்துவிட்டு இடுப்பளவு குழிக்குள் நின்றிருந்தார். ஊறி நின்ற தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியால் மொண்டு வெளியே வீசிக்கொண்டிருந்தார். சுஜாவின் கணவர் குடையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். பேட்ரிசியாவைப் பார்த்ததும் மருதை வாளியை வைத்தார்.

"இடியாப்பக்கா, நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நீங்க பாருங்க மருதையண்ணே. நான் சும்மா நிக்கிறேன்."

"சும்மா நிக்கிற இடமா இது? நானே வெத்தலைய அடக்கிக்கிட்டுத்தான் இறங்குவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, காத்து வர்ற பக்கமா நில்லுங்க" என்றார்.

மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் அளைய ஆரம்பித்தார். பெட்டியின் மரம் பிட்டு மாதிரி உதிர்ந்தது. வெள்ளைத் துணியைக் குழி மேட்டில் விரித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீரில் அலசி, துணியில் வைத்தார். அவசரப்படவில்லை. அவர் கையில் எல்லாம் விறகுச் சுள்ளி மாதிரிப் பழுப்பாக இருந்தன.

"நல்ல உசரம் போல" என்றார் கால் எலும்பை வைக்கும்போது.

"ஆமாண்ணே. நம்ம வீட்டு வாசல்ல குனிஞ்சுதான் வருவாரு. முத நாளு மறந்துபோயி இடிச்சுக்கிட்டாரு."

மருதை சிரித்தார். பிறகு சிரித்திருக்க வேண்டாமோ என்று நிமிர்ந்து பார்த்தார். பேட்ரிசியாவும் லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தாள்.

"இடது கை வந்தா காட்டுங்க" என்றாள்.

மருதை தேடிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே ஓரிடத்தில் எலும்பு முடிச்சுப் போட்ட மாதிரி தடித்துக் கோணலாகச் சேர்ந்திருந்தது. சின்ன வயதில் பொன்மலையில் நாவல் மரத்திலிருந்து விழுந்து உடைத்துக்கொண்ட கை. நாட்டு வைத்தியர் கட்டிய கட்டு. இருட்டில் அந்த மேட்டை அவள் விரலால் தொட்டிருக்கிறாள். வலிக்குமா என்று கேட்டதற்கு, இப்ப வலிக்கல என்று அவன் சொன்னது சட்டென்று ஞாபகம் வந்தது. அவனுடைய குரலிலேயே வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"அவருதான்" என்றாள்.

திறக்காமலே மூடிய பெட்டிக்குள் வேறு யாரோ இருந்திருக்கலாம், அவன் எங்கோ நடந்துகொண்டிருக்கலாம் என்று மனசின் ஒரு மூலை இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மூலையில் விளக்கு அணைந்தது. தன் கையிலிருந்த குடையைச் சுருக்கி அதை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

தலைமாட்டில் மருதையின் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தார். பாசிப்பச்சை பிடித்த பித்தளைத் தூக்கு. மூடி அப்படியே இருந்தது.

"இதையும் துணிக்குள்ள வச்சுக் கட்டிடவா?"

"ஆமாமா, அதோட கட்டிடுங்க" என்றார் சுஜாவின் கணவர். "பெரியவரு வச்சது. அவருகூடவே இருக்கட்டும்."

"குடுங்க" என்றாள் பேட்ரிசியா.

"குழியில எடுத்தது வீட்டுக்கு ஆகாதுக்கா."

"வீட்டுக்குக் கொண்டு போகல. குடுங்கண்ணே."

மருதை சுஜாவின் கணவரைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பேட்ரிசியா சேற்றில் மண்டியிட்டுக் குழிக்குள் கையை நீட்டினாள். "வச்சது அவருதான். எழுதினது என் புருஷன். குடுங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. இவ்வளவு சின்ன வார்த்தை. இதற்கு ஒரு ஆள் சாக வேண்டியிருந்தது.

காஜா மைதீனின் வெல்டிங் பட்டறை பாலக்கரை ரோட்டிலேயே இருந்தது. அற்புதசாமி ரிட்டயர் ஆன பிறகு பொழுது போகாமல் அங்கேதான் போய் உட்கார்ந்திருப்பார். சாவுச் செய்தி கேட்டு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார் பாய். பேட்ரிசியா பையிலிருந்து தூக்கை எடுத்து வைத்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரியவரு கையி. இத்தனை சீரா ஈயம் ஓடியிருக்கு பாருங்க. இதப் பிரிக்கவே மனசு வரலையேக்கா."

"பிரிங்க பாய்."

"சூடு காட்டினா உள்ள இருக்கிறது கருகிடும். ரம்பத்தாலதான் அறுக்கணும். மெதுவா ஆகும், உக்காருங்க. டீ சொல்லவா?"

"வேணாம் பாய். அவரு வீட்டுல கிடக்காரு."

பாய் தூக்கை வைஸ் இடுக்கியில் இறுக்கி அறுக்க ஆரம்பித்தார். பித்தளைத் தூள் மஞ்சளாக உதிர்ந்தது. ரம்பம் உள்ளே இறங்கியதும், அறுபட்ட இடத்திலிருந்து கறுப்பாகத் தண்ணீர் கசிந்தது. பாய் கையை நிறுத்தினார். அவளைப் பார்க்காமல் தூக்கைச் சாய்த்தார். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

"மூடியில ஒண்ணும் இல்லக்கா. அவரு வச்ச பத்து அப்படியே இருக்கு. பிடி தச்ச ஆணி இருக்கு பாருங்க, அதுல ஊசி போற மாதிரி ஓட்டை. அத யாரு நினைச்சிருப்பா?"

கடிதங்கள் ஊறிய ரொட்டி மாதிரி ஒரே கட்டியாக இருந்தன. பேட்ரிசியா உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். கனமாக, சில்லென்று இருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தாள், கூழாக வந்தது. பாய் ஒரு மெல்லிய தகட்டை எடுத்துவந்து, மேலே சுற்றியிருந்த கடிதத்தின் விளிம்புக்கடியில் செலுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். பசை தடவி ஒட்டுகிற மடிப்புப் பகுதி மட்டும், ஒரு விரல் அகலத்துக்கு, கிழியாமல் பிரிந்து வந்தது.

அதிலும் மை பரவி நீலமாகக் கிடந்தது. ஆனால் அந்த நீலத்துக்குள் கோடு கோடாக எழுத்து ஓடியிருந்தது தெரிந்தது. மற்ற எழுத்து ஓடிய திசையில் அது ஓடவில்லை. கடிதத்தைக் குறுக்கே திருப்பி வைத்துக்கொண்டு, ஓரத்தில் இருந்த இடத்தில் இடுக்கி இடுக்கி எழுதியிருந்தது.

பேட்ரிசியாவின் கை தானாக அதைத் திருப்பியது. திருப்பிய கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என்ன இருக்கு பாய்? நான் கண்ணாடி எடுத்துட்டு வரல."

பாய் தன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். "முத வார்த்தை தெரியுதுக்கா. பேட்ரின்னு இருக்கு. ஒரு கமா போட்டிருக்கு." இன்னும் கிட்டத்தில் போனார். வெகுநேரம் பார்த்தார். "அப்புறம் தண்ணிதாங்க்கா."

இன்றைக்கும் வேறொருவர் படித்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பாயின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு தானே பார்த்தாள். பேட்ரி. அந்த ஒரு மாதத்தில் அவன் மட்டும் கூப்பிட்ட பெயர். பிறகு யாரும் கூப்பிடாத பெயர். அதற்கப்புறம் மூன்று வரியோ நாலு வரியோ நீலமாக ஓடி, காகிதத்தின் விளிம்பில் நின்றுவிட்டது.

வீட்டில் பிரீசர் பெட்டியைச் சுற்றி கோவில் அன்பியக் குழுப் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேட்ரிசியா பின்வாசல் வழியாக வந்து கொல்லையிலேயே நின்றாள். சுஜா எழுந்து வந்தாள். பாய் கொடுத்திருந்த தட்டில் இருந்த கட்டியைப் பார்த்தாள். மடிப்பைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமா சுஜா?"

"இதுல என்ன இருந்துச்சுன்னு தெரியாது அண்ணி. சத்தியமா. ஒரு தடவை எட்டிப் பாத்தேன், போடி அந்தாண்டன்னுட்டாரு. அண்ணிக்கு எழுதியிருந்தா அண்ணிகிட்ட குடுக்க வேண்டியதுதானேப்பான்னேன்."

"என்ன சொன்னாரு?"

"'அந்தப் பொண்ணு கேட்டா குடுத்துடுவேன். கேக்காத பொண்ணுகிட்ட நானாப் போயி இந்தா உன் புருஷன் இப்படி எழுதியிருக்கான்னு எப்படிம்மா நீட்டுறது? நான் படிச்சுட்டேன்னு அதுக்குத் தெரிஞ்சுடாதா? அப்புறம் என் முகத்தைப் பாக்குமா?' அப்படின்னாரு. கேக்கும், கேக்கும்னு பாத்துக்கிட்டே இருந்தாரு அண்ணி."

கொல்லைத் தொட்டியில் மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பேட்ரிசியா தட்டைத் தொட்டி விளிம்பில் வைத்தாள்.

"அப்புறம் எதுக்குக் குழியில வச்சாரு?"

"நீங்க சின்ன வயசு. அது கையில இருந்தா அந்தப் பொண்ணு இந்த வீட்ட விட்டு எந்திரிச்சுப் போகாது, அதுக்கு ஒரு வாழ்க்கை வேணும்னு சொன்னாரு. நீங்க மணப்பாறை வேணாம்னதும் ரெண்டு நாளு சாப்பிடல."

பேட்ரிசியாவுக்குக் கோபம் வரும்போல இருந்தது. வந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. யார்மேல் படுவது என்று தெரியாமல் அது உள்ளேயே சுற்றிவிட்டு அடங்கியது. கடிதங்கள் கைக்கு வந்திருந்தால் எல்லாவற்றையும் படித்து, அழுது, ஒரு பெட்டியில் மடித்து வைத்துவிட்டு, ஒருவேளை அவள் போயிருப்பாள். இல்லாததால்தான் இருந்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் குரலில் தனக்கென்று ஏதாவது வந்துவிடாதா என்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டாள். அவரும் ஒவ்வொரு சாயங்காலமும் வெறும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் அதைப் படித்திருப்பார். தன்னிடமே இருக்கிறது, கொடுக்க வழியில்லை என்று. இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே டியூப்லைட்டுக்குக் கீழே.

சவப்பெட்டியில் இறக்கும் நேரம் வந்தபோது பேட்ரிசியா தட்டை எடுத்து வந்தாள். மடிப்பை மட்டும் ஏற்கெனவே பிரித்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் வைத்திருந்தாள். மீதிக் கட்டியை இன்னொரு துணியில் சுற்றி, அற்புதசாமியின் கைகளுக்கடியில் வைத்தாள். செபமாலை சுற்றிய விரல்கள் அதன்மேல் அமர்ந்தன.

"குழியில எடுத்ததை மறுபடியும் வைக்கலாமா?" என்று கூட்டத்தில் யாரோ ஒரு பெண் கேட்டாள்.

"அவருக்கு எழுதினது" என்றாள் பேட்ரிசியா. குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில், வழக்கம்போலச் சத்தமாகவே சொன்னாள். "உங்களோடது உங்ககிட்ட இருக்கு மாமா. என்னோடத நான் எடுத்துக்கிட்டேன்."

அப்போதுதான் அழுதாள்.

குழிக்குள் வெள்ளைத் துணி மூட்டை கால்மாட்டு மூலையில் இருந்தது. மண் தள்ளி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாமியார் குடைக்குள் நின்று சுருக்கமாகச் செபம் சொன்னார். மருதை கால்களால் மண்ணை மிதித்துக்கொண்டே, "இனிமே மண்ணு கட்டியா நிக்கும்க்கா, நீங்க போங்க, நனையாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். ஷஹனாஸ் ரசமும் சாதமும் சுட்ட அப்பளமும் கொடுத்து அனுப்பியிருந்தாள். சுஜாவின் கணவர் பிள்ளைகளைப் பார்க்க மன்னார்புரம் போய்விட்டார். சுஜா இங்கேயே இருந்தாள். இருவரும் ஒரே தட்டில் சாதத்தைப் பிசைந்து, ஆளுக்கு நாலு வாய் சாப்பிட்டார்கள். நாற்காலி டியூப்லைட்டுக்குக் கீழே காலியாகக் கிடந்தது. அதை நகர்த்தி வைக்க யாருக்கும் கை வரவில்லை.

செபமாலை சொல்லி முடித்த பிறகு சுஜா கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள், பாவாடை தாவணி போட்டிருந்த காலத்தில் உட்காருகிற மாதிரியே.

"அண்ணி, அந்தக் கண்ணாடி லெட்டரு உங்களுக்கு முழுசா தெரியுமா? எனக்கு நடுவுல நடுவுல விட்டுப்போச்சு."

"தெரியும்."

"சொல்லுங்களேன்."

பேட்ரிசியா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் தடவையாக. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகு இரண்டு கையையும் முன்னால் விரித்துப் பிடித்தாள்.

"அன்புள்ள அப்பாவுக்கு, ஜூட் எழுதிக்கொண்டது" என்று ஆரம்பித்தாள். குரல் முதலில் அவர் குரல் மாதிரி சத்தமாகத்தான் வந்தது. போகப்போகத் தணிந்து அவளுடைய குரலாக ஆனது. பனி வெளிச்சம், வெல்டிங் கண்ணாடி, வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் இருக்கிற நேரம், தொட்டியத்துப் பையன், கொல்லைத் தொட்டி. சுஜாவைப் படிக்கச் சொல்லவும் என்ற இடத்தில் சுஜா விசும்பினாள்.

"வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்."

பேட்ரிசியா வெறும் கையைக் குறுக்கே திருப்பினாள். தலையைச் சாய்த்து, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. அவளுடைய உதடுகள் முதல் வார்த்தைக்கு மட்டும் லேசாக அசைந்தன. பிறகு அசையவில்லை.

சுஜா காத்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "அவ்வளவுதானா அண்ணி?"

"இல்ல" என்றாள் பேட்ரிசியா, கையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் இருக்கு. இரு."